நூற்றோராவது ஈர்க்கு

மூன்றாம் வகுப்புக்குக் கூட்டல் படிப்பிப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சேர்ப்பது என்றால் எந்தப் பிள்ளைக்கும் விருப்பம்தான். எவ்வளவு பெரிய எண்ணைக் கொடுத்தாலும் விரலை மடக்கி மடக்கிக் கூட்டி முடித்துவிட்டு, இன்னும் பெரிதாகத் தாருங்கள் என்று வந்து நிற்பார்கள். கழித்தல்தான் உயிரை வாங்கும். அதிலும் பூச்சியம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஐந்நூறிலிருந்து இருநூற்று முப்பத்தாறைக் கழி என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால் வகுப்பே வாயைப் பிளந்துகொண்டு இருக்கும். பூச்சியத்திலிருந்து ஆறு போகாது. பக்கத்தில் கேட்கலாம் என்றால் அங்கேயும் பூச்சியம். "பக்கத்து வீட்டிலயும் ஒண்டும் இல்ல ரீச்சர்" என்று ஒரு பிள்ளை ஒருமுறை எழும்பிச் சொன்னது. அதைவிடத் தெளிவாக அந்தக் கணக்கை நானும் விளங்கப்படுத்தியதில்லை.

நான் கோபக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பின்பக்கம் இருக்கிற ஒரு பள்ளிக்கூடத்தில் தலை நரைக்கும் வரைக்கும் சின்ன வகுப்புகளே எடுத்து வருகிறேன். கப்பல் ஊதினால் பாடத்தைக் கொஞ்சம் நிறுத்த வேண்டும். மான்கள் வளவுக்குள் வந்தால் சாப்பாட்டுப் பைகளைத் தூக்கி உள்ளே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பாணோடு சேர்த்துச் சுற்றிய பேப்பரையும் தின்றுவிட்டுப் போய்விடும். இவையெல்லாம் எனக்குக் கோபத்தைத் தருவதில்லை. கப்பலும் மானும் தங்கள் பாட்டில் போகிறவை. எனக்குக் கோபம் வருவது மனிதர்களிடம்தான்.

பெரிய எண்களை நான் ஈர்க்கு வைத்துத்தான் படிப்பிப்பேன். தென்னோலை ஈர்க்கை விரல் நீளத்துக்கு நறுக்கி, பத்து ஈர்க்குக்கு ஒரு இறப்பர் வளையம் போட்டால் ஒரு பத்து. அப்படிப் பத்துக் கட்டுகளைச் சணல் கயிற்றால் சேர்த்துக் கட்டினால் ஒரு நூறு. ஐந்நூறிலிருந்து ஆறு எடுக்க ஏலாது என்று நிற்கிற பிள்ளையிடம் ஒரு நூறைக் கையில் கொடுத்து, அவிழ் என்பேன். அவிழ்த்தால் பத்துப் பத்து. அதில் ஒரு பத்தை அவிழ்த்தால் பத்து ஒன்று. இப்போது ஆறை எடு. கயிறு அவிழ்கிற அந்தக் கணத்தில் பிள்ளையின் முகத்தில் ஒரு மாற்றம் தெரியும். அதைப் பார்ப்பதற்காகத்தான் இந்தச் சம்பளத்தில் நான் இன்னும் இருக்கிறேன்.

பக்கத்து வகுப்பு ஆசிரியரை எல்லோரும் சேர் என்றுதான் கூப்பிடுவோம்; அவருக்கு இந்த ஈர்க்குக் குப்பை பிடிக்காது. அவர் பாட்டாகப் படிப்பிப்பார். "போகாது, பக்கம் வாங்கு, பக்கம் ஒண்டு குறை, சைபர் எண்டா ஒம்பது" என்று அவருடைய வகுப்பு ஒரே குரலில் கத்துவது இரண்டு வகுப்புக்கும் நடுவே உள்ள தட்டிக்கு மேலால் வந்து விழும். சைபர் ஏன் ஒன்பதானது என்று கேட்டால் அந்த வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் தெரியாது. தெரியவும் தேவையில்லை, விடை சரியாக வரும். பின்னேரத்தில் தன் வீட்டு விறாந்தையில் ரியூசன் வைத்திருக்கிறார். பாதிப் பள்ளிக்கூடம் அங்கேதான் இருக்கும். என் வகுப்பில் ஈர்க்கை அவிழ்த்து விளங்கிக்கொண்ட பிள்ளைகூட அங்கே போய்ச் சைபர் எண்டா ஒம்பது என்று கத்திவிட்டு வரும்.

மூன்றாம் வகுப்பு முடிகிறபோது எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு காரியம் நடக்கும். எங்கேயும் எழுதி வைக்காத காரியம், ஆனால் எல்லோருக்கும் தெரியும். வருடக் கடைசிச் சோதினைப் புள்ளியைப் பார்த்து நாலாம் வகுப்பை இரண்டாகப் பிரிப்பார்கள். ஐந்தாம் வகுப்பில் வருகிற புலமைப்பரிசில் சோதினையில் சித்தி அடையக்கூடிய பிள்ளைகள் ஒரு அறை. அவர்களுக்கு நல்ல மேசை, காற்றாடி, மேலதிக வகுப்பு, இரண்டு வருடம் கழித்து வாசலில் தொங்கும் பதாகையில் படம். மிச்சப் பிள்ளைகளுக்குத் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் முன்பு சாமான் போட்டு வைத்திருந்த அறை. அதற்குப் பரிகார வகுப்பு என்று பெயர். அங்கே படிப்பிக்கிற ஆள் லீவு போட்டால் பதிலுக்கு ஆள் வராது. அந்த அறைக்குள் போன பிள்ளை திரும்பி வெளியே வந்ததை நான் கண்டதில்லை.

அந்த வருடம் என் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். லிங்கநகர்ப் பக்கம் வீடு. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைப் பின்னல், அடிக்கடி கழன்று விழும் ஒரு செருப்பு. தகப்பன் இறக்கக்கண்டிப் பக்கத்துத் தோட்டங்களில் தேங்காய் பறித்துக் கொண்டுவந்து தன் வளவில் குவித்து, லொறிக்கு எண்ணிக் கொடுக்கிறவர். வருடத் தொடக்கத்தில் எல்லோரும் வீட்டிலிருந்து ஈர்க்கு கொண்டுவாருங்கள் என்றபோது மற்றப் பிள்ளைகள் ஒரு பிடி கொண்டுவந்தார்கள். இவள் ஒரு சாக்கு நிறைய இழுத்துக்கொண்டு வந்தாள். வகுப்பில் இருந்த நூறுகளில் பாதி அவளுடைய வீட்டு ஈர்க்குதான்.

எண் என்றால் அவளுக்குப் பயம் கிடையாது. நான் கண்ட பிள்ளைகளில் எழுநூறு என்ற சொல்லைக் கேட்டவுடன் எழுநூறை ஒரு குவியலாக மனதில் பார்க்கக்கூடிய பிள்ளை இவள் ஒருத்திதான். மற்றவர்களுக்கு அது ஏழு பக்கத்தில் இரண்டு முட்டை. கூட்டலில் ஒரு பிழை வராது. கழித்தலில்தான் ஒரு விசித்திரம். சில கணக்குகள் பளிச்சென்று சரி. சில கணக்குகளில் எப்போதும் ஒன்று கூட. ஐந்நூறிலிருந்து இருநூற்று முப்பத்தாறு போனால் இருநூற்று அறுபத்தைந்து என்பாள். நானூற்று இருபத்தைந்திலிருந்து நூற்று எண்பது போனால் இருநூற்று நாற்பத்தாறு. கவனக்குறைவு என்றால் ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். இது எப்போதும் கூடத்தான் வந்தது, எப்போதும் ஒன்றுதான். எனக்கு மண்டை காய்ந்தது.

விசயம் வெளியில் வந்த நாளில் அதிபர் என் வகுப்பில் இருந்தார். அதிபர் ஒரு பெண். நல்ல சேலை உடுத்துவார், மெதுவாகக் கதைப்பார், பதாகையைப் பற்றி மட்டும் கனவு காண்பார். மேற்பார்வை என்று சொல்லிக் கையில் ஒரு கோவையோடு பின்பக்கம் ஒரு கதிரையில் இருந்தார். நான் பிள்ளைகளைக் குழு குழுவாகத் தரையில் இருத்தி, ஒரு கழித்தல் கணக்கைக் கொடுத்து, ஈர்க்கை அவிழ்க்கச் சொன்னேன். ஐந்து குழுவில் மூன்று குழு பிழையான விடை சொன்னது. மூன்று குழுவுக்கும் ஒன்று கூட; மற்ற இரண்டும் ஈர்க்கைத் தொடாமல் ரியூசன் பாட்டில் செய்தவை. அதிபரின் பேனை கோவையில் ஓடியது.

நான் குனிந்து ஒரு நூறுக் கட்டை எடுத்து அவிழ்த்தேன். பத்துப் பத்துக் கட்டுகள் விழுந்தன. அவற்றின் நடுவிலிருந்து தனியாக ஒரு ஈர்க்கும் விழுந்தது. அடுத்த கட்டை அவிழ்த்தேன், அதிலும் ஒன்று. யாரோ பத்துக் கட்டுகளுக்கு நடுவே ஒரு ஈர்க்கை நேர்த்தியாகச் செருகிச் சணலைத் திரும்பவும் கட்டியிருந்தார்கள். அவிழ்த்த பிள்ளைகள் பாவம், விழுந்த ஒன்றை ஒன்றின் இடத்தில் ஒழுங்காகச் சேர்த்துக் கணக்குச் செய்திருக்கிறார்கள்.

"ஆர் இந்த வேலை பாத்தது?" என்று நான் கத்தினேன். பயந்து ஒளிப்பார்கள் என்று நினைத்தேன். அவள் சந்தோசமாக எழும்பி நின்றாள்.

"நான்தான் ரீச்சர். எல்லா நூறிலயும் ஒண்டு குறைஞ்சு கிடந்தது. இன்ரவலுக்கு வெளியில போகாம இருந்து நான் எல்லாத்தையும் சரியாக்கி வச்சனான்."

வகுப்பு சிரித்தது. அதிபரும் சிரித்தார். பக்கத்து வகுப்புச் சேர் தட்டிக்கு மேலால் எட்டிப் பார்த்து, என்ன பகிடி என்று கேட்டார். அதிபர் நடந்ததைச் சொன்னார். "ஓகோ, நூற்றொண்டா?" என்றார் அவர். அன்று இன்ரவலில் இருந்து பள்ளிக்கூடம் முழுக்க அந்தப் பிள்ளைக்குப் பெயர் நூற்றொண்டு. ஒரு படித்த மனிதர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், ஒன்பது வயதும் நிரம்பாத பிள்ளைக்குப் பட்டம் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார்.

பள்ளி விட்ட பிறகு அவளைக் கூப்பிட்டு, நூறில் ஒன்று குறைகிறது என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன். அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "நூறெண்டா நூறும் அதிட காயும்தானே ரீச்சர்" என்றாள். எந்தக் காய் என்றேன். என் அறியாமையைப் பார்த்து அவளுக்கே பரிதாபமாகப் போய்விட்டது. சனிக்கிழமை எங்கட வளவுக்கு வாங்கோ, காட்டிறன் என்றாள்.

போனேன். ஒரு பிள்ளையின் கணக்கு எங்கே பிழைக்கிறது என்று பார்க்க ரீச்சர் ஒருத்தி பஸ் ஏறிப் போவதைப் பக்கத்து வகுப்புச் சேர் அறிந்திருந்தால் அதற்கும் ஒரு பட்டம் வைத்திருப்பார். வளவில் தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் லொறி நின்றது. தகப்பன் கைக்கு ஒன்றாக இரண்டிரண்டு காய் எடுத்து, எண்ணை உரத்துச் சொல்லிச் சொல்லி லொறிக்குள் எறிந்தார். நூறு முடிந்ததும் எறிவதை நிறுத்தி, ஒரு காயை எடுத்து ஒரு புறமாகத் தரையில் வைத்தார். பிறகு திரும்பவும் முதலில் இருந்து. அடுத்த நூறுக்கு இன்னொரு காய். எத்தனை நூறு போனது என்று மறக்காமல் இருக்க அது அடையாளம். கடைசியில் தரையில் இருந்த காய்களை எண்ணினால் இத்தனை நூறு என்று தெரிந்துவிடும். நல்ல முறைதான். எண்ணி முடிந்ததும் லொறிக்காரர், வயிறு பெருத்த மனிதர், அந்த அடையாளக் காய்களையும் தூக்கி லொறிக்குள் போடச் சொன்னார். தகப்பன் போட்டார்.

"அது காசுக்கணக்கில இல்லாத காய்தானே?" என்று நான் மெதுவாகத் தகப்பனிடம் கேட்டேன். அவர் லொறிப் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டார். "அது வழமை ரீச்சர். நூறுக்கு ஒண்டு அவைக்குப் போகும். எங்கட அப்பற்ற காலத்திலயும் உப்பிடித்தான்" என்றார்.

பிள்ளை நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிற நூறு இதுதான். நூறு போனால் அதோடு ஒன்று போகும். ஆகவே நூறை அவிழ்த்தால் அந்த ஒன்று உள்ளே இருக்க வேண்டும். என் ஈர்க்குக் கட்டுகளில் அது இல்லை. ரீச்சர் குறைத்துக் கட்டிவிட்டார் என்று நினைத்து, பாவம், ரீச்சரை யாரும் குறை சொல்லக் கூடாதென்று விளையாடப் போகாமல் இருந்து ஒவ்வொரு நூறையும் திருத்தி வைத்திருக்கிறாள். அவளுடைய ஒரு விடைகூட யோசிக்காமல் எழுதியதில்லை. பத்தை மட்டும் உடைத்த கணக்கெல்லாம் சரி. நூறை உடைத்த கணக்கில் எல்லாம் ஒன்று கூட. திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் எனக்குள் சிரித்துக்கொண்டு வந்தேன். அந்த வருடத்தில் எனக்குச் சந்தோசமாக இருந்த ஒரே நாள் அது.

திங்கட்கிழமை அவளைத் தனியாகத் தரையில் இருத்தி, ஒரு நூறை அவிழ்க்க வைத்தேன். பத்து ஈர்க்கு ஒரு வரிசை. அப்படிப் பத்து வரிசை. கடைசியில் அவள் செருகிய ஒன்று வரிசைக்கு வெளியே தனியாகக் கிடந்தது.

"இது ஆர்?" என்று கேட்டேன்.

"அது நூறு எண்ணினதுக்குச் சாட்சி ரீச்சர்."

"நூறு பேர் வரிசையில நிக்கினம். ஒராள் வெளியில நிண்டு எண்ணுறார். அவரையும் சேத்து நூறு பேர் எண்டு சொல்லுவியா?"

பின்னல் நுனியை வாயில் வைத்துக் கடித்தாள். "இல்ல. அவர் வெளியிலதானே நிக்கிறார்" என்றாள். பிறகு அந்த ஈர்க்கைத் தானே எடுத்துச் சாக்குக்குள் திருப்பிப் போட்டாள். ஐந்நூறிலிருந்து இருநூற்று முப்பத்தாறைக் கழிக்கச் சொன்னேன். இருநூற்று அறுபத்து நாலு. இன்னொன்று கொடுத்தேன், சரி. ஆயிரத்திலிருந்து கழிக்கச் சொன்னேன், அதுவும் சரி. அவள் எழும்பிப் போகும்போது வாசலில் நின்று திரும்பி, "அப்ப ஏன் ரீச்சர் லொறிக்காரர் சாட்சியையும் கொண்டு போறார்?" என்று கேட்டாள்.

ஆசிரியர் வழிகாட்டியில் அதற்கு விடை இல்லை. "அது எனக்குத் தெரியாது பிள்ளை. நூறு எண்டா நூறுதான்" என்றேன். அது சரியான விடை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அதிலிருந்து அவளுக்கு ஒரு கழித்தல் பிழைத்ததில்லை. பட்டம் மட்டும் போகவில்லை. போகட்டும், வருடக் கடைசிச் சோதினையில் புள்ளி வந்தால் எல்லோரும் வாயை மூடுவார்கள், பிள்ளை நல்ல அறைக்குப் போய்விடுவாள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். கணக்குத்தாள் முழுக்கப் பெரிய எண்கள்தான் வரும். மொழியில் அவள் நடுத்தரம். அவளைத் தூக்கி விடக்கூடியது கணக்கு ஒன்றுதான்.

சோதினைக்கு ஒரு கிழமை இருக்கும்போது தகப்பன் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வேலைக்குப் போகிற உடுப்போடு வந்து, வகுப்பு வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை. நான் விறாந்தைக்குப் போனேன்.

"கோவிக்கக் கூடாது ரீச்சர்" என்று தொடங்கினார். "பிள்ளை லொறிக்காரருக்கு முன்னால நிண்டு, நூறெண்டா நூறுதான், சாட்சிக் காய் எங்கட எண்டு சொல்லிப்போட்டுது. ஏத்தின காயை இறக்கவும் போயிட்டுது. ரீச்சர்தான் சொன்னவ எண்டும் சொல்லிட்டுது."

எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. அவருடைய முகத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது.

"அந்தாள் ஒண்டும் கத்தேல்ல. பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் எண்ணுற வளவில எனக்கு வேலை இல்ல எண்டு சொல்லிப்போட்டு லொறியை எடுத்திட்டார். பிறகு லொறி வரேல்ல. காய் குவிஞ்சு கிடக்குது, கொஞ்சம் முளைக்கவும் தொடங்கிட்டுது. வேற லொறிக்காரரும் அவற்ற ஆக்கள்தான். மனுசி குசினிக்குள்ள இருந்து அழுகுது."

"நீங்கள் போய்க் கதைச்சுப் பாக்கேல்லையா?"

"போனனான். கையைக் கட்டிக்கொண்டு நிண்டனான். பாப்பம் எண்டார்." அவர் மான்கள் நின்ற பக்கம் திரும்பினார். "பிள்ளைக்கு ரெண்டு அடி போட்டனான். நூறெண்டா நூற்றொண்டுதான், இனி வாய் திறக்கக் கூடாது எண்டு சொல்லி வச்சிருக்கிறன். நீங்களும் இனி அந்தக் கணக்கை அவளுக்குப் படிப்பியாதேங்கோ ரீச்சர். எங்களுக்கு அது சரிவராது."

நான் எத்தனையோ தாய் தகப்பனோடு வாய்க்கு வாய் சண்டை பிடித்தவள். பிள்ளைக்கு அடித்தேன் என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத் தப்பிப் போனது அன்றைக்குத்தான். அவரோடு என்ன சண்டை பிடிப்பது? நான் சண்டை பிடிக்க வேண்டிய ஆள் லொறியில் ஏறிப் போய்விட்டார். இனி அவளுக்கு ஒன்றும் படிப்பிக்க மிச்சம் இல்லை, சோதினையை மட்டும் எழுத விடுங்கள் என்றேன். "எழுதட்டும், எழுதட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு கிழமையும் அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஈர்க்குச் சாக்கின் பக்கமே போகவில்லை. லொறி வந்ததா என்று ஒருநாள் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள்.

கணக்குச் சோதினையன்று வகுப்பில் நான்தான் மேற்பார்வை. கதவுகளைத் திறந்து வைத்திருந்தும் காற்றில்லை. பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் மேசைகளுக்கு நடுவால் நடந்து அவளுக்குப் பின்னால் போய் நின்றேன். கூட்டல் எல்லாம் முடித்து, முதல் கழித்தலுக்கு வந்திருந்தாள். தாளை எழுதினவருக்கும் பூச்சியத்தில்தான் ஆசை. அறுநூறிலிருந்து முந்நூற்று நாற்பத்தெட்டு. அவள் நூறை உடைத்தாள், பத்தை உடைத்தாள், சிறிய எழுத்தில் மேலே மேலே எழுதிக்கொண்டாள். கீழே இருநூற்று ஐம்பத்திரண்டு என்று எழுதினாள். என் நெஞ்சு ஆறியது.

அடுத்த கணக்குக்குப் போகவில்லை. விடையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அழிறப்பரை எடுத்து, இரண்டை மட்டும் அழித்தாள். தூளை ஊதினாள். அந்த இடத்தில் மூன்று என்று எழுதினாள்.

மேற்பார்வையில் நிற்கிற ஆசிரியர் வாய் திறக்கக் கூடாது. நான் திறந்தேன். குனிந்து, "ஒருக்காத் திரும்பப் பார் பிள்ளை" என்றேன். விரலை அந்த விடையிலேயே வைத்துக் காட்டினேன். இதற்கு என்ன தண்டனை என்றாலும் தரட்டும்.

அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். கண்ணில் பயம்தான் இருந்தது, குழப்பம் இல்லை.

"பாத்திட்டன் ரீச்சர். இதுதான் சரி."

அடுத்த கணக்கையும் முதலில் சரியாகச் செய்தாள். பிறகு அழித்துவிட்டு ஒன்று கூட்டினாள். அதற்கு அடுத்ததையும் அப்படியே. நூறை உடைக்காத கணக்குகளில் கை வைக்கவில்லை. முன்பு தெரியாமல் விட்ட பிழைகளை இப்போது தெரிந்துகொண்டே, ஒன்றும் தவறவிடாமல், ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு போனாள். நான் அவளுக்குப் பின்னால் நின்று கடைசிக் கணக்கு வரைக்கும் பார்த்தேன்.

வகுப்பு மாற்றித் திருத்துவதுதான் எங்கள் வழக்கம். என் வகுப்புத் தாள்கள் பக்கத்து வகுப்புச் சேரிடம் போயின. ஆசிரியர் அறையில் சிவப்புப் பேனையோடு இருந்தவர், "ரீச்சர், உங்கட நூற்றொண்டு திருந்தேல்லப் போல" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். நான் எழும்பிப் போய், இன்னொரு தடவை அந்த வார்த்தையைச் சொன்னால் சிவப்பு மையை முகத்தில் ஊற்றுவேன் என்றேன். அவர் மற்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்கு வயது போய்விட்டதாம்.

அதிபரிடம் போனேன். தேங்காய், லொறி, தகப்பன், அழிறப்பர், எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். பிள்ளைக்குக் கணக்குத் தெரியும், கூப்பிட்டு வாயால் கேளுங்கள், என் முன்னால் வேண்டாம், நீங்களே தனியாகக் கேளுங்கள் என்று கெஞ்சினேன். நான் கெஞ்சுகிற ஆள் இல்லை. அதிபர் பொறுமையாகக் கேட்டார். இடையில் இரண்டு தரம் தொலைபேசியைப் பார்த்தார்.

"பாவம்தான் ரீச்சர்" என்றார் கடைசியில். "ஆனா விடை பிழைதானே. உப்பிடி ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு கதை இருக்கும். நான் எல்லாற்ற கதையையும் கேட்டு வகுப்புப் பிரிக்க ஏலுமா? பரிகார வகுப்பும் அவையளுக்கு உதவத்தானே." பிறகு, பெரிய உபகாரம் செய்கிறவர் மாதிரி, "அடுத்த வருசம் அந்த ஈர்க்கை விட்டுப்போட்டு அவர் படிப்பிக்கிற மாதிரி நீங்களும் படிப்பிச்சுப் பாருங்கோ" என்றார்.

பிள்ளை தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்து அறைக்குப் போனாள். கடைசி விடையைப் பற்றி மட்டும் கவலைப்படுகிற பள்ளிக்கூடத்துக்கும், நூறுக்கு ஒன்று தூக்கிக்கொண்டு போகிற லொறிக்கும் நடுவில் அந்தப் பிள்ளை எங்கே போய் நிற்பது? நான் ஈர்க்கை விடவில்லை. விடவும் மாட்டேன். ஆனால் ஒவ்வொரு வருடமும் நூறு என்றால் நூறுதான் என்று சொல்கிற இடத்துக்கு வரும்போது என் குரல் கொஞ்சம் கம்மிப்போகிறது.

புது வருட வகுப்புகள் தொடங்கிக் கொஞ்ச நாளில் ஒரு காலை, தாங்கியடியில் கை கழுவப் போனேன். அந்த அறையில் ஆசிரியர் வரவில்லை. பிள்ளைகள் தங்கள் பாட்டில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் என்னைக் கண்டதும் எழும்பி, ஒரு செருப்பு கழன்று விழ, ஜன்னலுக்கு ஓடி வந்தாள். இவ்வளவு நாளும் நிமிர்ந்து பார்க்காதவள் என்னை நேராகப் பார்த்துச் சிரித்தாள். கம்பியில் வாயை வைத்து, மற்றப் பிள்ளைகளுக்குக் கேட்காமல் இரகசியமாகச் சொன்னாள்:

"ரீச்சர், லொறி திரும்ப வந்திட்டுது. நான் சோதினையில எல்லா நூறுக்கும் ஒண்டு கூட்டி விட்டனான். அதுதான் வந்தது."

கெட்டிக்காரி என்று சொன்னேன்.